மூன்றாம் அழைப்பு

காலை ஐந்தரைக்கு ஓல்டனில் ஆறும் இல்லை, பாலமும் இல்லை.
மூடுபனி மட்டும் நேரத்துக்கு வேலைக்கு வந்திருந்தது.
மண்டபத் திறப்பு என் கோட்டுப் பையில்.
நூற்று நாற்பத்து நான்கு பாய்த் துண்டுகள்,
பல்லோடு பல் கோர்த்து, முழங்காலால் அழுத்தி,
இரண்டு களம் விரித்தேன்.
மணி, கொடிகள், நிறுத்தற் கடிகாரம்,
மூக்குக்குப் பஞ்சு, ஒரு பெட்டி வாழைப்பழம்.
யாரோ ஒரு பிள்ளையின் அப்பா கட்டாயம் சண்டைக்கு வருவார்,
விதிப்புத்தகம் இரண்டு பிரதி.

பத்து வயதுக்குக் கீழே பதினேழு பேர்.
பதினாறென்றால் அட்டவணை வடிவாக மடியும்.
பதினேழாவது பிள்ளை ஒவ்வொரு வருடமும் வரும்,
அதற்கென்று ஒரு கோட்டை வளைத்துப் போடவேண்டும்.

நாற்பத்தைந்துக்கு மேல், பெண்கள், கட்டா:
இரண்டே பெயர்.
லடீனா கவியெட்செல், கூர் நகரம்.
மற்றது நான்.

இதற்காக ஒரு வருடம்
நிலவறையில், சலவை மெஷின்களுக்குப் பக்கத்தில்,
மணல் நிரப்பிய இரண்டு சாடிகளின் விளிம்பை
விரல் நுனியால் கவ்வித் தூக்கி
பாதத்தால் அரைநிலா கீறிக் கீறி நடந்தேன்.
மாதத்துக்கு ஒரு பிடி மணல் கூட.
மூன்றாம் மாடி ஏகன்ஷ்வீலர் அம்மா உடுப்புக் கூடையோடு வந்து
கோவா ஊறப்போட்டிருக்கிறாயா என்றார்.
மக்கிவாராவை வீட்டில் நடமுடியாது,
இந்த நாட்டில் மத்தியானம் சுவருக்கும் ஓய்வு.
தண்டவாளத்தோரத் தோட்டத்தில்
பீன்ஸ் கொடிகளுக்கு நடுவே நட்டேன், வைக்கோல் கயிறு சுற்றிய பலகை.
வலக்கை ஐம்பது, இடக்கை அறுபது,
இடது சோம்பேறி.
சரக்கு வண்டி போகும்போது மட்டும் குத்துவேன்.

முதல் அழைப்பு. ஒலிவாங்கியில் என் குரல்தான்.
வெள்ளை உடுப்பில், சிவப்புப் பட்டி கட்டி,
என் எதிராளியை நானே கூப்பிடுகிறேன்.
சார்கான்ஸ் பக்கம் பனி, ரயில் நிற்கிறது என்றார் ரெட்டோ.
இரண்டாம் அழைப்பு.

மூன்றாவதை நீட்டலாம்.
மனோரஞ்சிதம் குலவீரசிங்கம் என்று சொல்லி முடிக்க
இந்த ஊர் எடுக்கிற நேரத்தை
அவள் பெயருக்கும் எடுத்தால்
கூரிலிருந்து நடந்தே வந்துவிடுவாள்.
ஆனால் ஒன்பது மணிக்கு
கழிப்பறையில் இருந்த ஒரு பையனை இதே விதியால் வெட்டியிருந்தேன்.
அவன் இன்னும் படிக்கட்டில்தான் இருக்கிறான்,
என்னைப் பார்த்தபடி.

மூன்றாம் அழைப்பு.
பென்சிலால் ஒரு கோடு.
நடுவர் கையை என் பக்கம் உயர்த்தினார்.
பதக்கத்தை நானே வாங்கி நானே பெட்டியில் அடுக்கியிருந்தேன்,
விலைகூடத் தெரியும், மூன்று பிராங்க் நாற்பது.

பன்னிரண்டு நிமிடம் கழித்து வந்தாள்.
முடியில் உருகும் பனி, பல்லிடுக்கில் நீலப் பட்டி.
தாளைப் பார்த்தாள். கோட்டைப் பார்த்தாள்.
"சரிதான்" என்றாள்.
கொடி நடுவர் ஒருவருக்குக் காய்ச்சல்.
பின்னேரம் வரை, யாரும் கேட்காமல்,
இரண்டாம் களத்து மூலைக் கதிரையில் அவள் இருந்தாள்.

ஆறரைக்குப் பாய்கள் கழற்றினோம்.
எட்டுத் துண்டு மிச்சமிருக்கையில் அவள் சப்பாத்தை உதறினாள்.
சான்சினுக்கு இடம் அதிகம் வேண்டாம்.
மூன்று அடி முன்னே, மூச்சு அடிவயிற்றில்,
பெருவிரல்கள் நிலத்தைக் கவ்வ.
பக்கத்தில் நின்று நானும் தொடங்கினேன்.
அவள் விரல் நுனிகளில் என்னுடைய அதே காய்ப்பு.
நீ எதைப் போட்டு நிரப்புகிறாய்?
ஆற்றுச் சரளை.
நான் மணல்.
மறுபடி மூச்சு.

மண்டபக் காவலர் சுர்ஃப்ளூ
விளக்குகளை வரிசை வரிசையாக அணைத்துக்கொண்டு வந்தார்,
கடைசி வரிசையில் கையை எடுத்துவிட்டு
சாவிக்கொத்தை எண்ணுவதுபோல நின்றார்.
கொடிகள் பெட்டிக்குள்.

பிறகு நான் துண்டுகளை அடுக்கினேன்.
நூற்று நாற்பத்து மூன்று.
ஒன்று குறைகிறது என்றார் அவர்.
திரும்ப எண்ணினேன், நூற்று நாற்பத்து மூன்றுதான்.
அவள் இன்னும் அதன்மேல் நின்றுகொண்டிருந்தாள்.